ஒரு குடம் நல்ல தண்ணீர்

என் வலது கை நடுவிரல் மூட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. நெல்மணி அளவுதான். வெயிலில் கை எவ்வளவு கறுத்தாலும் அது மட்டும் கறுக்காது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைத் தடவிப் பார்த்து "என்னப்பா இது?" என்று கேட்டாள். வலைக்கயிறு அறுத்தது என்று சொன்னேன். பொய். அது ஒரு மனிதரின் பல் கிழித்த தழும்பு. நான் அவர் வாயில் குத்தியபோது பட்டது.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நான் தமிழ் வாத்தியார். ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட "வாத்தியாரே" என்று கூப்பிடுவதுதான் அதிகம். கோயிலில் கிடா வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். பையன்கள்மேல் பிரம்பு ஓங்கியதில்லை. கந்தசஷ்டி வந்தால் எங்காவது பேசக் கூப்பிடுவார்கள். மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி மயில், மறுபாதி சேவல், பகைவனைக்கூடத் தன்னோடு வைத்துக்கொள்வதுதான் முருகனின் போர் என்று பேசிக் கைதட்டும் வாங்குவேன். 2018 மே மாதத்துக்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பேச்சு என் வாயில் வரவில்லை. கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பேசியதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கைக்கு நடந்தது ஒன்று, வாய் சொல்வது வேறொன்று என்று ஆகிப்போனது.

அந்த மே மாதம் எல்லார் கைப்பேசியிலும் ஒரே குரல்பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்று. திருவண்ணாமலைப் பக்கம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவை, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக ஊர் கூடி அடித்துக் கொன்றது. பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு "இவனுகள்லாம் மனுசனுகளா" என்று வீட்டில் சத்தம் போட்டவன் நான்தான். அதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகக்கூடாது. ஆகவே கரையில் வேலையில்லாத ஆண்கள் எப்போதையும்விட அதிகம். பொழுது பனங்காட்டுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. வலை மடித்து வைக்கும் கொட்டகை ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கிழிந்த பை, தூசி படிந்த கால். பசிக்கு பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பிரித்திருக்கிறார். எதிரே நின்ற பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கவும் அதற்கும் ஒன்று நீட்டியிருக்கிறார். யாரோ "ஏய்" என்றார்கள். "எந்த ஊருடா?" என்றார்கள். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. அவ்வளவுதான். இறால் பண்ணை வேலைக்கு வந்தவர், பேருந்தில் இடம் தெரியாமல் இறங்கிவிட்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

நான் கடைக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தேன். கூட்டத்தைப் பார்த்தேன். விலக்கத்தான் உள்ளே போனேன் என்று நீண்ட நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. முதல் அடி விழுந்த சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு என் கை போய்விட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவதில்தான் பல் கிழித்தது. வலிக்கவில்லை.

இதை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை. எனக்கு அப்போது கோபம் இல்லை. கோபம் எனக்குத் தெரியும், அது நெஞ்சை அடைக்கும். இது அடைக்கவில்லை, திறந்துவிட்டது. மாதக்கடன், இடமாறுதல் கேட்டு அலைந்த அலைச்சல், அப்பாவின் மருத்துவச் செலவு, தலையில் சுமந்த எல்லாம் இறங்கிவிட்டது போல உடம்பு லேசாக இருந்தது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவன் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. ஆறு வருடமாக முகம் பார்க்காதவன். அந்த நேரம் அவன் தோளும் என் தோளும் ஒட்டி நின்றன. அவனை அப்படி நெருக்கமாக நான் உணர்ந்ததே இல்லை. இத்தனைக்கும் என் மகள் அன்று ஊரிலேயே இல்லை. பரமக்குடியில் அவள் ஆச்சி வீட்டில் பத்திரமாக இருந்தாள். யாரையும் காப்பாற்ற நான் கை ஓங்கவில்லை.

அப்போது தலையில் தண்ணீர் விழுந்தது.

ஒரு குடம் தண்ணீர், உச்சியில். மூச்சு அடைத்துப்போய் வாய் திறந்து நின்றேன். எதிரே பெரியய்யா, அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் குலசாமி கருப்பணசாமிக்கு நாற்பது வருடமாகச் சாமியாடுகிறவர். லாரியில் வந்த நல்ல தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போன ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கியிருக்கிறார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் காசு கொடுத்து வாங்குவது. அதை மண்ணில் யாரும் கொட்டமாட்டார்கள். அடிபட்டவர்மேல் ஊற்றியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். என்மேல் ஊற்றினார். வெறுங்குடத்தைக் கீழே வைத்துவிட்டு, களரியில் அருவாளோடு துள்ளுகிறவர்களிடம் பேசும் அதே குரலில், "போதும்ப்பா. மலையேறு" என்றார்.

கூட்டம் பின்வாங்கியது. அவருக்குப் பயந்து இல்லை, அவருக்கு அப்போதே எழுபது வயது. அந்தத் தண்ணீரின் அர்த்தம் அங்கே நின்ற அத்தனை பேர் உடம்புக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்தது. சாமியாடியின் தலையில் குடத்து நீர் விழுந்தால் கொட்டு நிற்கும், சுற்றி நிற்பவர்கள் இரண்டு அடி பின்னால் போவார்கள், யாராவது ஒருவர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்பார். எந்த யோசனையும் இல்லாமல் எல்லாரும் அதையே செய்தார்கள். என்னை ஓடிவந்து தாங்கியவன் அந்தப் பங்காளிதான்.

மைந்து பொருளாக

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. புறத்திணை எடுக்க வேண்டிய வகுப்பு வந்தது. நிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவேன், பிள்ளைகள் பூப்பெயரை உருப்போடுவார்கள், இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த வருடம் தொல்காப்பியத்தில் நான் நின்றுபோன இடம் ஒன்று உண்டு. "தும்பை தானே நெய்தலது புறனே." ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு காதலும் அதற்கு மறுபுறமாக ஒரு போரும் வைத்த இலக்கணத்தில், கடற்கரைக்கு வாய்த்த போர் தும்பை. வெட்சிக்காரன் மாட்டுக்காகப் போகிறான். வஞ்சிக்காரன் மண்ணுக்காக. உழிஞைக்காரன் கோட்டைக்காக. தும்பை எதற்காக? அடுத்த அடி சொல்கிறது: "மைந்து பொருளாக." மைந்து என்றால் வலிமை. தன் வலிமையைக் காட்டுவதைத் தவிர வேறு பொருள் அந்தப் போருக்கு இல்லை. மாடு இல்லை, மண் இல்லை, மகள் இல்லை. கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதிவிட்டு விரல் மூட்டைப் பார்த்தேன். புண்ணில் அப்போதுதான் பொருக்கு உதிர்ந்திருந்தது.

நெய்தலுக்கு ஏன் தும்பை என்பதற்குத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணர் காரணம் சொல்கிறார். இரு வேந்தரும் ஒரு களத்தில் மோத மலையும் காடும் கழனியும் ஆகாது, களரும் மணலும் பரந்த வெளி வேண்டும், அது கடல் சார்ந்த இடத்தில்தான் கிடைக்கும். நெய்தலின் பொழுதாகிய எற்பாடு, பொழுது விழும் நேரம், போர் முடியும் நேரமும்கூட. நெய்தலின் உணர்வு இரங்கல், போர் முடிந்தபின் மிஞ்சுவதும் அதுவே. எங்கள் கரை களரும் மணலும்தான். பொழுது விழும் நேரம்தான். அந்த உரையைப் பல வருடம் படித்திருக்கிறேன், அது எங்கள் ஊரைப் பற்றியது என்று தோன்றியதே இல்லை.

இரங்கலையும் இந்தக் கரை நிறையப் பார்த்திருக்கிறது. இலங்கைப் போரை நாங்கள் குண்டாகவோ துப்பாக்கியாகவோ பார்க்கவில்லை, படகிலிருந்து இறங்கும் மனிதர்களாகப் பார்த்தோம். 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தார்கள். தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள், மண்டபம் முகாமில் பதிவுக்கு வரிசையில் நின்றவர்கள். சின்ன வயதில் அம்மாவோடு முகாமுக்குத் துணி கொடுக்கப் போனபோது, கைக்குழந்தையின் செருப்பு ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. கொண்டுபோன சேலையை அவர் மடியில் வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்து வளர்ந்தது கையைத் தடுக்கவில்லை.

பிறகு கண்டதையெல்லாம் படித்தேன். தான்சானியாவில் கோம்பே காட்டில் ஜேன் குடால் சிம்பன்சிகளை ஆண்டுக்கணக்காகக் கவனித்தவர். அவை நம்மைவிடச் சாது என்று நம்பியிருந்தவர். 1974 முதல் 1978 வரை, ஒன்றாக இருந்து பிரிந்துபோன ஒரு கூட்டத்தின் ஆண்களைத் தாய்க்கூட்டத்தின் ஆண்கள் தேடித்தேடிக் கொன்றதைப் பதிவு செய்தார். முன்பு ஒன்றுக்கொன்று பேன் பார்த்தவை அவை. இன்னொரு பக்கம், 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் அறிவியலாளர்கள் கூடி, போர் மனித ரத்தத்தில் எழுதப்பட்டது என்று சொல்வது அறிவியல்படி தவறு என்று அறிக்கை விட்டார்கள். இரண்டுமே எனக்கு நியாயமாகப் பட்டன. ரத்தத்தில் இருக்கிறதா, வளர்ப்பில் வந்ததா என்பது பெரிய கேள்விதான். ஆனால் என்னை அரித்த கேள்வி சின்னது. அது என்னிடம் வந்தது. ஒரு குடம் தண்ணீரில் போனது. தண்ணீர் இல்லாவிட்டால்?

கலுங்கு

எங்கள் பக்கம் குலசாமி கும்பிடுவதை மாசிக் களரி என்போம். சிவராத்திரியை ஒட்டி, எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் எல்லாம் வந்து சேர்கிற இரவு. களரி என்ற சொல்லைக் கவனியுங்கள். உவர் மண்ணுக்கும் களரி, ஆட்டம் நடக்கிற அரங்குக்கும் களரி, போர்க்களத்துக்கும் களரி. "களரி பரந்து கள்ளி போகி" என்று புறநானூறு 356ஆம் பாட்டு தொடங்குகிறது, அங்கே அது சுடுகாடு. எங்கள் கோயில் இருப்பதும் அப்படி ஓர் இடம்தான். உப்புப் பூத்த தரை, நான்கைந்து உடைமரம், ஒரு பீடம், அதில் ஆளுயர அருவாள், பக்கத்தில் துருப்பிடித்த ஒரு வளரி, வளைந்த எறி ஆயுதம். அந்த வளரியை எந்தப் பாட்டன் எந்தச் சண்டையில் எறிந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வருடத்துக்கு ஒரு தரம் அதற்கு எண்ணெய் பூசிச் சந்தனம் வைக்கிறோம்.

அடுத்த வருட மாசிக் களரிக்கு முந்தின நாள், பீடத்தைக் கழுவிக்கொண்டிருந்த பெரியய்யாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கி ஏன் பெரியய்யா எம்மேல ஊத்துனீக?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தேங்காய் நாரால் அருவாளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒனக்கு வந்தது என்னன்னு நெனைக்கிற?"

"கோவம்."

"கோவம்னா ஆளுக்கு ஒன்னுல்ல வரணும். அன்னிக்கி பதினஞ்சு பேருக்கும் ஒன்னுதான வந்துச்சு. அது கோவம் இல்லப்பா, வரத்து." கண்மாய்க்கு மழைத்தண்ணீர் வருவதற்கு எங்கள் பக்கம் சொல்கிற சொல். "எட்டு நாளா காப்புக் கட்டி, ஒரு நேரம் சாப்பிட்டு, வெறுந்தரையில படுத்துக் கெடக்கோம். எதுக்குங்கிற? சாமி வர்றதுக்கா? வர்றதுக்குக் கொட்டுச் சத்தம் ஒன்னு போதும்யா. அது போகணும்ல, அதுக்குத்தான் அம்புட்டும். கலுங்கு இல்லாம கம்மா வெட்டுவானா எவனாச்சும்?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிகைநீர் வழிந்து போகக் கட்டிய கற்கட்டு. மழையே பெய்யாத இந்த மாவட்டத்தில், வராத வெள்ளத்துக்கும் கலுங்கு கட்டி வைத்தார்கள் முன்னோர்.

போர்த்தெய்வம் என்றால் வெறியை ஊட்டுகிற தெய்வம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நினைக்க நியாயமும் உண்டு. கொற்றவைக்குத் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்த வீரர்கள் கல்லில் நிற்கிறார்கள். ஆயிரம் யானைகளைப் போரில் கொன்றவனுக்குப் பரணி பாடியிருக்கிறோம், களத்துப் பிணங்களில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடித்து மன்னனை வாழ்த்துவதை ரசித்திருக்கிறோம். அரசனுக்குத் தெய்வம் வேண்டியிருந்தது, தான் செய்த கொலையை வேள்வி என்று சொல்ல. இதை மறைத்துவிட்டு நம் தெய்வங்கள் எல்லாம் அகிம்சை என்று பேச நான் தயாரில்லை. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசச் சுவரில் சேதுபதிகள் மராத்தியரோடு செய்த போர் தீட்டியிருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால் பையன்கள் அந்தச் சுவரை விட்டு நகரமாட்டார்கள். பக்கத்திலேயே ராமாயணம் இருக்கிறது, அந்தப்புரம் இருக்கிறது, ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

ஆனால் பெரியய்யா சொன்னதை வைத்துக்கொண்டு பழைய கதைகளைத் திரும்பப் படித்தபோது, எங்கும் அந்தக் கலுங்கு கண்ணில் பட்டது. எகிப்தில் செக்மெட் என்று ஒரு சிங்கமுகத் தெய்வம். மனிதர்கள் தன்னை மதிக்கவில்லை என்று கதிரவன் ரா அனுப்பிய சினம் அவள். வெட்டத் தொடங்கியவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அனுப்பியவனே பயந்துபோகிறான். இரவோடு இரவாக 7,000 சாடி பீர் காய்ச்சி, செம்மண் நிறம் கலந்து, வயலெல்லாம் ஊற்றி வைக்கிறார்கள். விடிந்ததும் ரத்தம் என்று நினைத்துக் குடித்தவள் மயங்கி, வந்த வேலையை மறந்து திரும்புகிறாள். செந்நிற நீர். போர் முடிந்து வந்தவனுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து நம் வீட்டுப் பெண்கள் வாசலில் சுற்றிக் கொட்டிய ஆலத்தி நீரும் அதே நிறம். அந்தக் கதையைப் படித்த அன்று எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்தச் செக்மெட்டின் பூசாரிகள் மருத்துவமும் பார்த்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

கிரேக்கர்கள் வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய போர்க்கடவுள் ஏரிஸை அவர்களே விரும்பவில்லை. ட்ராய் போரில் அடிபட்டு, பத்தாயிரம் பேர் கத்தியது போலக் கத்திக்கொண்டு அப்பனிடம் ஓடுகிறான். தெய்வங்களிலேயே எனக்கு மிகவும் வெறுப்பானவன் நீதான் என்கிறான் அப்பன் சீயஸ். ஸ்பார்ட்டாவில் போர்க்கடவுளின் சிலைக்கு விலங்கு போட்டு வைத்திருந்தார்களாம், ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்று. நாங்கள் போகச் சொல்கிறோம், அவர்கள் கட்டி வைத்தார்கள். வருடம் முழுக்க அந்தச் சாமியோடு ஒரே ஊரில் எப்படித் தூங்கினார்களோ.

கண்ணாடியில் விழும் நீர்

நம் பக்கத்தில் இன்னும் பழைய ஒரு வழி இருக்கிறது. பட்டினப்பாலையில் பரதவர்கள் "சினைச் சுறவின் கோடு நட்டு" வழிபடுகிறார்கள். தங்கள் வலையைக் கிழிக்கிற, ஆளையே அறுத்துப் போடுகிற சுறாவின் கொம்பு அது. அதைத் தூக்கி எறியவில்லை, அதைக் கொண்டு வேறு யாரையும் குத்தவும் இல்லை. நட்டு வைத்து, அதில் தெய்வம் இருக்கிறது என்று சொல்லி, பூச்சூடி, கள் குடித்து ஆடுகிறார்கள். கொல்வதற்கு ஓர் இடம் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். இங்கே நில், இந்த மணலில், இந்த நாளில்.

திருமுருகாற்றுப்படையை நான் கல்லூரியில் படித்தது மதிப்பெண்ணுக்கு. ஆறு முகத்துக்கும் ஆறு வேலை சொல்கிறார் நக்கீரர். ஒரு முகம் உலகின் இருளைப் போக்குகிறது. ஒன்று வரம் கொடுக்கிறது. ஐந்தாவதாகச் சொல்லும் முகம்தான் போர் முகம், "கறுவுகொள் நெஞ்சமொடு களம்வேட் டன்றே." மனதில் கறுவு வைத்துக்கொண்டு களவேள்வி செய்கிற முகம். கறுவு என்ற சொல்லைப் பூசி மெழுகாமல் அப்படியே வைத்தார் பாருங்கள். அதற்கு அடுத்த முகம் வள்ளியோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. ஒரே கழுத்து. ஐந்தாவது முகத்தை வெட்டி எடுத்துவிட்டு மற்ற ஐந்தை மட்டும் கும்பிடலாம் என்று அவர் சொல்லவில்லை. ஐந்தாவதுக்குப் பிறகு ஆறாவது ஒன்று உண்டு என்று சொல்கிறார். அன்று என் ஆறாவது முகம் எங்கே போயிருந்தது என்று பல இரவு யோசித்தேன்.

தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் பெருவயல் என்ற ஊரில் ஒரு முருகன் கோயில் உண்டு. அங்கே அவன் பெயர் ரணபலி முருகன். ஊர்ப் பெண்கள் அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்வார்கள், பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். ரணம் என்றால் போர். பேச்சுத் தமிழில் ரணம் என்றால் புண். இரண்டும் வடமொழியில் வேறு வேறு சொல், நம் வாய்க்குள் வந்து ஒன்றாகிவிட்டன. எங்கள் பக்கத்தில் யாராவது "மனசு ரணமா இருக்கு" என்றால் அதில் போரும் இருக்கிறது, புண்ணும் இருக்கிறது. அடித்த அந்த வாரம் முழுக்கச் சீழ் வைத்த விரலோடு அந்தச் சந்நிதியில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அடித்தது அந்த முகம் தெரியாத மனிதரை, கேட்பது முருகனிடம், இது என்ன கணக்கு என்று பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

இதே கரையில் தெற்கே போனால் திருச்செந்தூர். சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறது. யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றி மாற்றி வரும் சூரனை ஒவ்வொன்றாக வேல் சாய்க்கும். ஆரவாரம் கடலைத் தூக்கும். எல்லாரும் அத்தோடு கிளம்பிவிடுவார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் கிளம்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடப்பதை ஒரு வருடம் நின்று பார்த்தேன். போர் முடிந்து கோயிலுக்குத் திரும்பிய சுவாமிக்கு எதிரே ஒரு கண்ணாடியைப் பிடிக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் தெரிகிற உருவத்துக்கு நீர் ஊற்றுகிறார்கள். சாயாபிஷேகம் என்று பெயர். மறுநாள்தான் திருக்கல்யாணம். கொன்ற கையோடு நேராக மணவறைக்குப் போக சாமிக்கே அனுமதி இல்லை. தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்த்தபடி, அதன்மேல் தண்ணீர் வழிவதைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அந்தக் கூட்ட நெரிசலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் பக்தி என்று நினைத்து வழிவிட்டார்.

பெரியய்யாவின் தண்ணீர் எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். 1957இல் சாதிக் கலவரத்தில் முதுகுளத்தூர் பற்றி எரிந்தபோது இந்த மண்ணில் சாமியாடிகளுக்குக் குறைவில்லை. சாமிகளே சாதிக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கிற இடத்தில் யார் யார் தலையில் ஊற்றுவது? கைப்பேசியில் வருகிற வரத்துக்குக் கொட்டும் வேண்டியதில்லை, காப்பும் வேண்டியதில்லை. அடிப்பவன் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே அடிக்கிறான், குடத்தோடு அவன் பின்னால் நிற்க யாரும் இல்லை. இதுதான் எனக்கு இப்போது இருக்கிற பெரிய பயம். தெய்வங்களைக் கைவிட்டோம் என்று பயப்படவில்லை. வரத்து மட்டும் அப்படியே இருக்கிறது, கலுங்கை எல்லாம் மண் போட்டு மூடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெரியய்யாவுக்கு இப்போது கால் தாங்கவில்லை. சாமி இறங்குவது அவருடைய பேரனுக்கு. கல்லூரியில் படிக்கிற பையன். போன மாசிக் களரியில் குடம் பிடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு கனம் என்று. பித்தளைக் குடம், விளிம்பு வரை நீர், வேப்பிலை மிதக்கிறது. உருமியும் கொட்டும் ஏறஏற பையனின் கண் செருகியது, கழுத்து நரம்பு புடைத்தது, அருவாள் நுனி தீவட்டி வெளிச்சத்தில் கோடு கோடாகத் தெரிந்தது. முந்தி ஊற்றினால் சாமி அரைகுறையாக நிற்கும், பிந்தி ஊற்றினால் கை யார்மேல் படும் என்று தெரியாது. அவன் கண்ணை விட்டு நான் கண் எடுக்கவில்லை. எங்கே அது மாறுகிறது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் பெரியய்யா என்னை நிறுத்தியிருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

ஊற்றினேன். அவன் துவண்டு என் தோளில் விழுந்தான். அருவாளை வாங்கிப் பீடத்தில் சாய்த்தேன். என் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

விடியப்போகிற நேரம், மணலில் துண்டை விரித்து மகளோடு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். என் கையை எடுத்து மடியில் வைத்து, பழைய பழக்கத்தில் அந்தத் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலைக்கயிறு இல்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட், பங்காளி, மூன்று அடி, லேசாக இருந்த உடம்பு, ஒரு குடம் நல்ல தண்ணீர். அவள் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"அவரு பேரு என்னப்பா?"

அன்று காவலர் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முன் ஒரு தாளில் பெயர் கேட்டு எழுதினார். அவர் ரத்த வாயோடு இரண்டு முறை சொன்னார். நான் ஈரத்தோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். காதில் விழுந்தது.